ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு பஸ் வேண்டும்

கடந்த ஓராண்டில் நான் பார்த்ததிலேயே மனசு நிறைந்தது எது என்று என் தையல் கடைக்கு வருகிறவர்கள் கேட்டால், தயங்காமல் சொல்வேன்: வள்ளி திருமணம் நாடகம். ஆலங்குடிப் பக்கம் ஓர் அம்மன் கோயில் திருவிழாவில், பொட்டலில் பாய் விரித்து விடிய விடியப் பார்த்தேன்.

எங்கள் பக்கத்து நாடகத்தில் நடிக்கிறவர்கள் ஒரே குழுவைச் சேர்ந்தவர்கள் அல்ல. முருகன் ஓர் ஊர், வள்ளி ஓர் ஊர், ஆர்மோனியக்காரர் இன்னோர் ஊர். ஒத்திகையும் கிடையாது. சங்கரதாஸ் சுவாமிகள் அமைத்துவைத்த கதையும் பாட்டும் எல்லோருக்கும் மனப்பாடம் என்பதால், மேடையேறியதும் நாடகம் நடந்துவிடுகிறது. சுவாமிகள் மறைந்தது 1922இல். நூறு ஆண்டு தாண்டியும் அவர் போட்ட பாதையில் நம் ஊர்க் கலைஞர்கள் நடக்கிறார்கள். பபூன் வந்து சிரிக்கவைத்துப் போன பிறகு, நாரதருக்கும் வள்ளிக்கும் நடக்கிற தர்க்கம்தான் நாடகத்தின் உயிர். அன்று வள்ளியாக வந்த பெண் ஒரு கேள்விக்குக்கூட அசரவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியம்மா, “விட்டுறாத ஆத்தா, நல்லாக் கேளு” என்று கீழேயிருந்தே குரல் கொடுத்தார். 1940இல் ‘உத்தமபுத்திரன்’ படத்தில் இரட்டை வேடம் போட்ட பி.யு.சின்னப்பாவும் சிறுவயதில் நாடக மேடையில் வளர்ந்த புதுக்கோட்டைக்காரர்தான். அந்த மண்ணில் மேடை இன்னும் காய்ந்துவிடவில்லை.

இரண்டாவது, பொன்னமராவதிப் பக்கம் என் நாத்தனார் ஊரில் நடந்த மீன்பிடித் திருவிழா. கோடையில் கண்மாய்த் தண்ணீர் வற்றி முழங்காலளவுக்கு வந்ததும் ஊர்ப் பெரியவர்கள் நாள் குறிக்கிறார்கள். காலையில் கரையில் நின்று வெள்ளைத் துண்டை வீசியதும், ஊத்தாவும் கச்சாவும் வலையுமாகச் சனம் மொத்தமாக இறங்குகிறது. சாதி, மதம் யாரும் கேட்பதில்லை. விராலும் கெண்டையும் கெளுத்தியும் அகப்பட்டவர்களுக்கு அகப்பட்டது. எதுவும் கிடைக்காத வீட்டுக்குப் பக்கத்து வீட்டுக்காரர் கொடுக்கிறார். அன்று மதியம் ஊர் முழுக்க மீன் குழம்பு மணம்தான்.

மூன்றாவது சித்தன்னவாசல். என் மகள்களோடு அன்னவாசல் பஸ்ஸில் போய், மெயின் ரோட்டில் இறங்கி நடந்தோம். ஏழடிப்பட்டத்தில் சமண முனிவர்கள் படுத்த கற்படுக்கைகள் வழவழவென்று இருக்கின்றன. தலைமாட்டில் தலையணை போலக் கல்லை மேடாக்கி விட்டிருக்கிறார்கள். கிறிஸ்து பிறப்பதற்கு முந்தைய காலத்துத் தமிழ் எழுத்து அங்கே வெட்டியிருக்கிறது. அறிவர் கோயிலின் மேற்கூரையில் தாமரைக் குளம்: மீன், அன்னம், யானை, எருமை, பூப்பறிக்கும் ஆட்கள். ஒன்பதாம் நூற்றாண்டில் பாண்டிய மன்னன் ஸ்ரீவல்லபன் காலத்தில் மதுரையைச் சேர்ந்த இளங்கௌதமன் என்ற ஆசிரியர் இந்தக் கோயிலைப் புதுப்பித்ததாகக் கல்வெட்டு சொல்கிறது. துணி வெட்டியே வாழ்கிற எனக்குக் கண் நின்ற இடம் வேறு: கருவறைக் கூரையில் விரிப்புத் துணி மாதிரி வரைந்த டிசைன். கட்டத்துக்குக் கட்டம் பிசகாத அந்த வேலையைக் கழுத்து வலிக்கும்வரை அண்ணாந்து பார்த்தேன். திரும்பும்போது டவுனில் பரோட்டாவும் முட்டை மாஸும் சாப்பிட்டோம்.

இந்த மூன்றுக்கும் நான் பெரிதாகச் செலவழிக்கவில்லை. என்னைப் போன்றவர்களிடம் கார் இல்லை. எனக்கு வண்டி ஓட்டவும் வராது. 2021 மே மாதம் முதல் சாதாரண டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்று ஆனபிறகுதான், கோயிலுக்கும் துக்க வீட்டுக்கும் தவிர வேறு எங்காவது போகலாம் என்ற எண்ணமே எங்கள் தெருவில் பலருக்கு வந்தது. பொம்பளை ஊர் சுற்றுவது ஊதாரித்தனம் என்ற பேச்சை நான் ஏற்கவில்லை. வாரம் ஆறு நாள் குனிந்து தைக்கிறவளுக்கு ஒரு நாள் நிமிர்ந்து பார்க்க உரிமை உண்டு.

ஆனால் பஸ் இருக்கிற நேரம்தான் எங்கள் பொழுதுபோக்கைத் தீர்மானிக்கிறது. நாடகம் விடியும்போது முடிகிறது. முதல் பஸ்ஸில் வீடு வந்துவிடலாம். மாவட்ட நிர்வாகமும் தமிழ்நாடு அறிவியல் இயக்கமும் சேர்ந்து நடத்தும் புத்தகத் திருவிழாவில் நல்ல பேச்செல்லாம் இரவில்தான். கடைசி பஸ்ஸை நினைத்துப் பாதிப் பேச்சில் எழுந்து வருகிற பெண்களில் நானும் ஒருத்தி. இசைக் கல்வெட்டு உள்ள குடுமியான்மலையையும், விஜயாலய சோழீசுவரம் நிற்கும் நார்த்தாமலையையும் சித்தன்னவாசலோடு ஒரே நாளில் பார்ப்பது, பஸ் மாறி மாறிப் போகிறவர்களுக்கு நடக்காத காரியம்.

எனவே என் கோரிக்கை இரண்டு. ஞாயிறுதோறும் காலையில் புதுக்கோட்டை பஸ் நிலையத்தில் புறப்பட்டு, இந்த மூன்று ஊர்களையும் சுற்றி மாலையில் திரும்பும் ஒரு பஸ் விட வேண்டும். புத்தகத் திருவிழா நாட்களில் இரவு நிகழ்ச்சி முடிந்தபின் ஆலங்குடி, அறந்தாங்கி, கீரனூர், திருமயம் பக்கங்களுக்குத் தலா ஒரு பஸ் விட வேண்டும். வாசிக்கும் அண்ணன் தம்பிகளுக்கும் ஒன்று: அடுத்த முறை உங்கள் ஊரில் நாடகம் வைத்தால், வீட்டுப் பெண்களுக்கு அன்று சமையல் வேலை வைக்காதீர்கள். முன்வரிசையில் பாய் போட்டு அவர்களை உட்காரவையுங்கள்.