மடையருகே ஒரு மணி நேரம்



துக்க வீட்டிற்குச் செல்லும் குருவானவர் எவருக்கும் ஒரு சங்கடம் உண்டு. அடக்கத்தன்று சொல்லச் சொற்கள் இருக்கின்றன. முப்பதாம் நாளுக்குச் செபங்கள் இருக்கின்றன. உறவினர் கலைந்து, வாடகை நாற்காலிகளும் திரும்பிப் போனபின், நான்காம் மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை மாலை திண்ணையில் தனியே அமர்ந்திருக்கும் மனிதரிடம் என்ன சொல்வது? குருத்துவப் பணியில் பல்லாண்டுகள் கழித்தும் இதற்கு நம்மிடம் நல்ல விடை இருந்ததில்லை. விடை போன்ற ஒன்றை நமக்குக் கற்பித்த ஒரு பெரியவரைப் பற்றியும், அவர் கையில் இருந்த காமிராவைப் பற்றியும் இம்மாதம் எழுத விரும்புகிறோம்.

அவர் பெயரையும் ஊரையும் கூறப்போவதில்லை. தஞ்சைக்கும் மன்னார்குடிக்கும் இடைப்பட்ட நெல்வயல் நாட்டைச் சேர்ந்தவர் என்பது போதும். இங்கே எழுதுவது எதுவும் பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதன்று. பங்கு இல்லத்து வாசலில் தேநீர் அருந்தியபடி கேட்டது. எழுதுவதற்கு அவரே இசைவு தந்தார்.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் அவர். ஊராருக்கு ‘வாத்தியார் ஐயா’. இரண்டு ஆண்டுகள் படுக்கையில் கிடந்த மனைவிக்குத் தம் கையாலேயே கஞ்சி ஊட்டி, மருந்து கொடுத்து, முதுகு துடைத்துப் பணிவிடை செய்தவர். ஓர் ஆடி மாதத்தில் அந்த அம்மையார் இறைவனடி சேர்ந்தார். அதன்பின் அவருடைய கைகளுக்கு வேலை இல்லாமற் போயிற்று. மனத்திற்கோ ஓயாத வேலை. ஒரு மாதம் முன்னதாக வைத்தியம் பார்த்திருந்தால்? வேறு ஊருக்குக் கொண்டு சென்றிருந்தால்? செக்குமாடு போல் அதே வட்டத்தில் அவர் மனம் சுற்றியது. இரவு இரண்டு மணிக்கும் அவர் வீட்டில் விளக்கு எரியும்.

நாமும் சென்று ஆறுதல் கூறினோம். மரியாதைக்குத் தலையசைத்துக் கேட்டுக்கொள்வார். நெடுநாள் கழித்துத்தான் உண்மையைச் சொன்னார்: “நீங்கள் சொன்னதெல்லாம் சரிதான் சாமி. ஆனால், சரியான வார்த்தையைக் கேட்டு யாருக்கும் தூக்கம் வந்ததில்லை.”

சிங்கப்பூரில் வேலை பார்க்கும் மகன், தாயின் அடக்கத்திற்கு வந்து திரும்பும்போது தன் காமிராவை வீட்டிலேயே விட்டுச் சென்றிருந்தான். அது பீரோவில் உறங்கிக் கிடந்தது. மனிதரை எப்படியாவது வீட்டை விட்டு வெளியே வரச் செய்ய வேண்டும் என்ற எண்ணத்தில், “பங்கு நாட்காட்டிக்கு நம்மூர் வயற்காட்டைப் படம் எடுத்துத் தாருங்கள் ஐயா” என்று ஒரு வேலை வைத்தோம். அதற்குமேல் நமக்கு எந்தத் திட்டமும் இருந்ததில்லை.

முதல் நாள் இருநூற்றுக்கும் மேற்பட்ட படங்களுடன் வந்தார். ஒன்றில் பறந்துவிட்ட கொக்கின் கால் மட்டும் தெரிந்தது. இன்னொன்றில் வெறும் வானம். “என்னென்ன பார்த்தீர்கள்?” என்று வினவினோம். சற்று யோசித்து, “ஒன்றும் பார்க்கவில்லை, எடுத்துக்கொண்டே இருந்தேன்” என்றார்.

அந்தப் பதில் நம்மைச் சிந்திக்க வைத்தது. இது பற்றி அறிந்தோர் கூறுவதைத் தேடிப் படிக்கலானோம். லிண்டா ஹெங்கல் என்னும் அமெரிக்க உளவியலாளர் 2014-ஆம் ஆண்டில் ஓர் ஆய்வை வெளியிட்டிருக்கிறார். அருங்காட்சியகம் ஒன்றைச் சுற்றிவந்தோர், கண்ணால் மட்டும் பார்த்த பொருள்களைக் காட்டிலும் படம் எடுத்த பொருள்களைக் குறைவாகவே நினைவில் வைத்திருந்தனராம். காமிரா பார்த்துக்கொள்ளும் என்று மனம் ஒதுங்கிக்கொள்கிறது போலும். ஆயினும், ஒரு பொருளின் ஒரு பகுதியை மட்டும் நெருக்கிப் படம் எடுத்தபோது அந்த இழப்பு ஏற்படவில்லை. ஆகவே குறை காமிராவில் இல்லை. அதைப் பிடிக்கும் மனத்தின் அவசரத்தில் இருக்கிறது.

நம் நாட்டு முன்னோடிகள் இந்த அவசரம் அற்றவர்கள். நாவலாசிரியர் அ. மாதவையாவின் மைந்தர் மா. கிருஷ்ணன் (1912–1996) முதுமலை யானைகளையும் பிற விலங்குகளையும் கறுப்பு வெள்ளையில் படம் எடுத்தவர். ‘ஸ்டேட்ஸ்மன்’ ஏட்டில் 1950 முதல் தாம் மறையும் வரை இயற்கையைப் பற்றிப் பத்தி எழுதியவர். காட்டில் நடந்தும் காத்திருந்தும் கண்டதையே அவர் எழுதினார். பெயரிலேயே தஞ்சாவூரைத் தாங்கிய டி.என்.ஏ. பெருமாள் (1932–2017), பெங்களூரில் ஓ.சி. எட்வர்ட்ஸ் என்பாரிடம் இக்கலையைப் பயின்று, பின்னர் இளைஞர் பலருக்குக் கற்பித்தார். அவர்கள் காலத்தில் பிலிம் சுருள் ஒன்றில் பன்னிரண்டு படமோ முப்பத்தாறு படமோதான் எடுக்கலாம். ஒவ்வொன்றுக்கும் செலவு உண்டு. பார்த்து முடித்தபின்பே பொத்தானை அழுத்த வேண்டிய கட்டாயம் இருந்தது.

“இனி ஒரு நாளைக்குப் பன்னிரண்டு படங்களுக்குமேல் வேண்டாம் ஐயா” என்று வாத்தியார் ஐயாவிடம் கூறினோம். பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடம் கொடுத்துப் பழகியவர், தமக்குக் கிடைத்த வீட்டுப்பாடத்தைச் சிரித்தபடி ஏற்றுக்கொண்டார். அடக்கத்திற்குப் பின் அவர் சிரித்து நாம் கண்டது அன்றுதான்.

இரண்டு வாரம் கழித்து, ஒரே ஒரு படத்துடன் வந்தார். வாய்க்கால் மடையருகே ஒரு மடையான். நம் வயல்களில் தினமும் காண்கிற பறவைதான். குருட்டுக்கொக்கு என்றும் சொல்வார்கள். அசையாமல் நிற்கும்வரை சேற்றின் நிறத்தோடு நிறமாக மறைந்திருக்கும். எழும்பிப் பறந்தால் வெள்ளைச் சிறகுகள் பளீரென விரியும். அது நிற்பதைக் கண்டதும் வரப்பில் அப்படியே அமர்ந்துவிட்டாராம். கழுத்தை உள்ளிழுத்த நிலை, மெல்ல எடுத்து வைத்த ஒரு கால், மடையில் நீர் விழும் ஓசை, நெல்லின் மேல் ஏறிவந்த வெயில் என்று ஒவ்வொன்றாக நமக்கு விவரித்தார். கை நடுங்காதிருக்க மூச்சை மெல்ல விட்டு, அடங்கிய கணத்தில் அழுத்தினாராம். ஒரு மணி நேரத்திற்குமேல் ஆகியிருந்தது.

சொல்லிக்கொண்டே வந்தவர் திடீரென்று குரல் உடைந்தார். “அந்த ஒரு மணி நேரமும் அவளை நான் நினைக்கவே இல்லை சாமி. வீடு திரும்பும் வழியில்தான் அது உறைத்தது. ரோட்டோரம் நின்று அழுதேன். மறந்துவிட்டேனே, இது துரோகம் இல்லையா?”

அவருக்கு நாம் விடை சொல்லவில்லை. சொல்லத் தெரியவும் இல்லை. இன்னொரு தேநீர் வரவழைத்தோம்.

அன்றிரவு நமக்கும் உறக்கம் வரவில்லை. கவலையைப் பற்றிப் பேசும் இடத்தில், ஆண்டவர் தம் மலைப்பொழிவில் பறவைகளைக் கவனிக்கும்படி சொன்னதை எத்தனை முறை பிரசங்கித்திருப்போம்! ஆனால் அதை அழகிய உவமையாகக் கண்டோமேயன்றி, எழுந்து போய்ச் செய்ய வேண்டிய காரியமாகக் கருதியதில்லை. வாத்தியார் ஐயா அதைச் செய்திருந்தார்.

கார்த்திகையில் அவர் வடுவூர் ஏரிக்குச் செல்லத் தொடங்கினார். தஞ்சையிலிருந்து மன்னார்குடி செல்லும் சாலையில் உள்ள அந்த ஏரி 1999-இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டு, 2022-இல் பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ராம்சார் ஈரநிலங்களுள் ஒன்றாகச் சேர்க்கப்பட்டது. காவிரி நீர் நிறையும் காலத்தில் நீர்க்காகங்களும் நாரைகளும் வாத்தினங்களும் அங்கே கூடுகின்றன. அவர் மனம் நத்தைகுத்தி நாரையில் நிலைத்தது. அதன் அலகை மூடினாலும் நடுவில் ஓர் இடைவெளி திறந்தே இருக்கும். வழுக்கும் நத்தையைப் பற்றிக்கொள்ள அது உதவுகிறது என்பர். குஞ்சுக்கு இந்த இடைவெளி இல்லை. வளர வளரத்தான் உண்டாகிறது.

பல நாள் பார்த்திருந்துவிட்டு ஒருநாள் சொன்னார்: “மூடினாலும் மூடாத வாய் சாமி அது. அதை வைத்துத்தான் அது பிழைக்கிறது.” சற்றுப் பொறுத்து, “நாற்று நடவின்போது இந்த நாரைகளை முதலில் எனக்குக் காட்டியவளே அவள்தான். இப்போது பார்க்கும்போதெல்லாம் நினைவு வருகிறது. முன்போல் குத்துவதில்லை” என்றார். தம் கேள்விக்கான விடையை அவரே கண்டுகொண்டார். உற்று நோக்கிய அந்த நேரம் மனைவியை அவரிடமிருந்து பறிக்கவில்லை. சுற்றிச் சுற்றி அலைந்த மனத்திற்குச் சற்று அமர ஒரு திண்ணையாக இருந்தது. அமர்ந்து இளைப்பாறிய மனம், அந்த அம்மையாரின் நோய்க்காலத்தைத் தாண்டி, அவர் நலமாயிருந்த நாட்களையும் நினைக்கும் வலிமை பெற்றது.

மருத்துவ உலகும் இதை ஓரளவு கண்டிருக்கிறது. ரோஜர் உல்ரிச் என்பவர் 1984-இல் வெளியிட்ட ஆய்வில், பித்தப்பை அறுவைச் சிகிச்சை பெற்ற 46 நோயாளிகளின் மருத்துவக் குறிப்புகளை ஒப்பிட்டார். சன்னல் வழியே மரங்களைப் பார்க்க முடிந்தவர்கள், செங்கற் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவர்களைவிட விரைவில் வீடு திரும்பினர். வீரியமான வலிநீக்கி மருந்துகளும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டன.

திருச்சபைக்குள்ளும் இதற்கு ஒரு சாட்சி உண்டு. அமெரிக்காவின் கெத்சமனி மடத்துத் துறவியும் எழுத்தாளருமான தாமஸ் மெர்ட்டன், தம் இறுதி ஆண்டுகளில் நண்பர் ஜான் ஹோவர்ட் கிரிஃபின் இரவலாகக் கொடுத்த காமிராவைக் கொண்டு, காய்ந்த வேர்களையும் பழைய மரப்பலகைகளையும் கற்களையும் படம் எடுத்தார். 1968-இல் கீழ்த்திசைக்குப் பயணம் வந்தவர், சென்னையையும் மாமல்லபுரத்தையும் பார்த்து, இலங்கையின் பொலன்னறுவைக்குச் சென்று, அவ்வாண்டு டிசம்பர் 10-இல் பாங்காக் அருகே காலமானார். அரிய காட்சிகளைத் தேடி அவர் ஓடவில்லை. எவரும் திரும்பிப் பாராத சாதாரணப் பொருள்களின் முன் நின்றார். காமிரா அவருக்கு மௌனத்தில் நிற்பதற்கு ஒரு துணை.

வாத்தியார் ஐயாவிடமும் தவறு நேர்ந்தது. அதையும் எழுதச் சொன்னார். ஒருமுறை குளத்துக் கருவேல மரத்தில் கொக்குகள் கூடு கட்டியிருந்ததைக் கண்டு, குஞ்சைப் படம் எடுக்கும் ஆசையில் கூட்டருகே சென்றுவிட்டார். தாய்ப்பறவைகள் கூச்சலிட்டு எழுந்தன. அவர் விலகுவதற்குள் காகம் ஒன்று முட்டையைத் தூக்கிச் சென்றது. “என் ஆறுதலுக்கு இன்னொரு தாயை அழவைத்துவிட்டேன்” என்று பல நாள் வருந்தினார். நெருங்கிய பறவை நிமிர்ந்து பார்த்தாலே நின்றுவிட வேண்டும். எழுந்து பறந்தால் நாம் மிக அருகே வந்துவிட்டோம் என்று பொருள். கூடுகளையும் குஞ்சுகளையும் தொந்தரவு செய்து எடுத்த படம் எத்தனை அழகாயிருந்தாலும் அது களவே.

வாசகர்களே, இதற்காகக் காமிரா வாங்கக் கடன்பட வேண்டாம். வீட்டிலுள்ள கைப்பேசி போதும். அழைப்பு மணியை அடக்கிவிட்டு, நாள்தோறும் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் பத்து நிமிடம் அமருங்கள். வாய்க்கால் கரையும் சரி, கொல்லைப்புறத்து முருங்கையும் சரி. முதல் ஐந்து நிமிடம் பாருங்கள். பிறகு ஒரே ஒரு படம் எடுங்கள். எடுத்த கையோடு பிறருக்கு அனுப்பாதீர்கள். அனுப்பினால் எத்தனை பேர் பாராட்டினார்கள் என்ற கணக்கு தொடங்கிவிடும். மாலையில் குடும்பத்தாருடன் அமர்ந்து, அன்று கண்டதைச் சொல்லுங்கள். பிள்ளைகளையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். அவர்களுக்குக் கண் கூர்மை.

ஒன்றை மட்டும் தெளிவாகச் சொல்ல வேண்டும். இது மருந்துக்கு மாற்று அன்று. வாத்தியார் ஐயாவும் மகளின் வற்புறுத்தலால் மருத்துவரைக் கண்டு, சில மாதங்கள் மாத்திரை உட்கொண்டார். வாரக்கணக்கில் உறக்கமோ பசியோ இல்லாதவர்களும், வாழ்ந்து என்ன பயன் என்ற எண்ணம் எழுகிறவர்களும் மருத்துவரை நாடத் தயங்கலாகாது. நடுவண் அரசின் ‘டெலி மனஸ்’ மனநலச் சேவையை 14416 என்ற எண்ணில் இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம்; தமிழிலேயே பேசலாம். இதில் வெட்கப்பட ஏதுமில்லை.

இப்போதும் அவர் வீட்டில் சில இரவுகள் விளக்கு எரிகிறது. துக்கம் தீர்ந்துவிட்டது என்று அவரும் சொல்வதில்லை, நாமும் சொல்வதில்லை. ஆனால் விடியற்காலையில் வரப்பின்மேல் ஒரு வெள்ளை வேட்டி நடந்து போவதைக் கோவில் வாசலிலிருந்து காண்கிறோம். சில நாட்களில் கையில் காமிரா இருப்பதில்லை.

நாட்காட்டிக்கு அந்த மடையான் படத்தையே தேர்ந்தெடுத்தோம். வாங்கிச் செல்கிறவர்களில் பலரும், “என்ன சாமி, வெறும் வரப்பும் மடையும்தானே இருக்கிறது?” என்று கேட்கிறார்கள். அவர்களிடம் நாம் எதையும் சுட்டிக்காட்டுவதில்லை. சற்று நின்று பார்க்கச் சொல்கிறோம்.