தண்ணீருக்குச் சாட்சி சொல்லும் படிப்பு

பெண் பி.எஸ்ஸி. ரசாயனம் முடிக்கிறாள், மேலே சுற்றுச்சூழல் ரசாயனம் படிக்க ஆசைப்படுகிறாள், அதில் சோறு கிடைக்குமா என்று ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத் தோழர்கள் கேட்கிறார்கள். (கல்லூரியில் 'வேதியியல்' என்பார்கள், இரண்டும் ஒன்றே.) கிடைக்கும் என்பதே நமது பதில். ஆனால் சோறு மட்டுமல்ல விஷயம்.

காற்றிலும் மண்ணிலும் தண்ணீரிலும் என்ன கலந்திருக்கிறது, எவ்வளவு, எங்கிருந்து வந்தது என்று அளந்து சொல்கிற விஞ்ஞானம் இது. பஞ்சுத் தூசி நெஞ்சை அடைக்கிறது என்று ஆலைத் தொழிலாளி சொன்னால் அதைப் புலம்பல் என்று தள்ளிவிடுகிறார்கள். ஒரு கன மீட்டர் காற்றில் இத்தனை மில்லிகிராம் தூசி என்று எழுதி நீட்டினால் அது சாட்சியம். சத்திரப்பட்டியில் நெய்கிற பேண்டேஜ் துணியை வெளுத்த பின் வெளியேறும் நீருக்கும் இதே கணக்குத்தான்.

நொய்யல் ஆற்றின் கதையைப் பாருங்கள். 1992-ல் பாசனத்துக்கென்று திறந்த ஒரத்துப்பாளையம் அணை, திருப்பூர்ச் சாயக்கழிவு தேங்கும் தொட்டியாகிவிட்டது. கீழ்ப்பகுதி விவசாயிகள் கோர்ட்டுக்குப் போனார்கள். 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடும்படி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. வெளியேற்றும் நீரில் கரைந்த உப்பு லிட்டருக்கு 2,100 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது விதி. விவசாயிக்குக் கையில் கிடைத்த ஆயுதம் அந்த எண்தான். பட்டறை மூடியதும் வேலை இழந்தவரும் தொழிலாளிகளே. ஒழுங்காக அளந்து, சுத்திகரித்து விட்டிருந்தால் இரு சாராருக்கும் அந்தக் கதி வந்திராது.

இனி உத்தியோகம். 1974-ல் தண்ணீர் மாசுத் தடுப்புச் சட்டம் வந்தது. தமிழ்நாட்டில் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 1982-ல் ஏற்பட்டது. அதன் பரிசோதனைக் கூடங்கள், குடிநீர் வாரியத்தின் நீர்ப் பரிசோதனைக் கூடங்கள், தனியார் கூடங்கள், சிமெண்ட், மருந்து, சாய ஆலைகள் எங்கும் இப்படிப்புக்கு இடமுண்டு. சர்க்கார் வேலைக்குப் போட்டி கடுமை. பலரும் போய்ச் சேருவது ஆலையின் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்துக்குத்தான்.

சிக்கலும் அங்கேதான். யாருடைய கழிவை அளக்கிறாளோ அவரிடமே சம்பளம் வாங்க வேண்டும். எண்ணைக் குறைத்து எழுது என்று மானேஜர் சொன்னால் தனி ஆளாக அவள் என்ன செய்வாள்? வேலையா உண்மையா என்று ஓர் இளம் பெண்ணை நிறுத்தி வைப்பது அநியாயம். பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்பவர்களையும் சங்கத்தில் சேருங்கள். கழிவுநீர்ப் பரிசோதனை முடிவுகளை மாதந்தோறும் தமிழில் எழுதி ஆலை வாசலிலும் பஞ்சாயத்து அலுவலகத்திலும் ஒட்ட வேண்டும் என்று அடுத்த கோரிக்கைப் பட்டியலிலேயே கேளுங்கள்.