ஓய்வுக்கும் ஓர் அளவு வேண்டும்

மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும் நாளில் நோயாளியின் கையில் மருந்துச் சீட்டும், உறவினரின் வாயில் 'ஓய்வு' என்ற சொல்லும் இருக்கும். சீட்டிலுள்ள மருந்துகளுக்கு அளவும் வேளையும் உண்டு. ஓய்வுக்கு மட்டும் எவரும் அளவு எழுதுவதில்லை. அளவின்றிக் கொடுக்கப்படும் ஓய்வும் தீங்கு செய்யும் என்பது எங்கள் கருத்து. ஏழு மாதங்கள் அதனை அனுபவித்தவர்கள் என்ற தகுதியில் இதனை எழுதுகிறோம்.

நாங்கள் கடலூர் மஞ்சக்குப்பத்தில் வாழும் முதிய தம்பதியர். எங்களுள் ஒருவர் நாற்பது ஆண்டுகளாகக் கதையும் கட்டுரையும் எழுதி வருபவர். மற்றவர் அவற்றின் முதல் வாசகர், இரக்கமற்ற திருத்துநர். (ஜெயகாந்தன் பிறந்த மஞ்சக்குப்பத்தில் இருந்துகொண்டு எழுத்தாளர் என்று சொல்லிக்கொள்ளச் சற்றுக் கூச்சமாகவே இருக்கிறது.) காலையில் தேவனாம்பட்டினம் கடற்கரை, மாலையில் தோட்டம், கோடையில் சுற்றுவட்டாரத் திரௌபதி அம்மன் கோயில்களில் தெருக்கூத்து, மகா சிவராத்திரியை ஒட்டிச் சிதம்பரத்தில் நாட்டியாஞ்சலி என எங்கள் ஆண்டு கழியும். எழுத்து இவற்றின் இடையே வந்தது.

இதய இரத்தக் குழாயின் அடைப்பு நீக்கப்பட்ட பின்னர் இவை யாவும் ஒரே நாளில் நின்றன. நிறுத்தியவர் மருத்துவர் அல்லர். வெளியூரிலிருந்து நாள்தோறும் தொலைபேசியில் அழைத்த எங்கள் பிள்ளைகள். "அப்பா வாசல் வரைக்கும் போனால் போதும்மா" என்றார்கள். அம்மாவுக்குக் காவற்பணி வாய்த்தது. அன்பினால் செய்தார்கள் என்பதில் ஐயமில்லை. ஆயினும் அந்த ஏழு மாதங்களில் ஒரு வரிகூட எழுதப்படவில்லை. கால்கள் மெலிந்தன. பகலில் உறங்கி இரவில் விழித்திருக்கும் வழக்கம் வந்தது. காவல் இருந்தவருக்கும் இரத்த அழுத்தம் ஏறியது.

ஓய்வின் மீதுள்ள இந்நம்பிக்கை பழையது. எங்கள் நகரின் திருப்பாதிரிப்புலியூரில் 1906-இல் பிறந்த புதுமைப்பித்தன், 1948-இல் காசநோயால் மறைந்தார். அக்காலத்தில் அந்நோய்க்கு நீண்ட படுக்கையும் நல்ல காற்றும் சத்துணவுமே பெரும்பாலும் சிகிச்சையாக இருந்தன. பயனுள்ள மருந்துகள் வந்த பிறகும், காசநோயாளர் மாதக்கணக்கில் சானடோரியத்தில் படுத்திருக்க வேண்டும் என்றே உலகெங்கும் கருதினர். 1956-இல் சென்னையில் தொடங்கப்பட்ட காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் இதனைச் சோதித்துப் பார்த்தது. 193 நோயாளர் இரு பிரிவாக்கப்பட்டு, ஒரு பிரிவினர் வீட்டிலும் மறு பிரிவினர் சானடோரியத்திலும் ஓராண்டு ஒரே மருந்துகளைப் பெற்றனர். வீட்டிலிருந்தோர் பெற்ற ஓய்வு குறைவு. உண்ட உணவும் எளியது. ஆயினும் இரு பிரிவினரும் ஏறத்தாழ ஒரே அளவில் குணமடைந்தனர். 1959-இல் வெளிவந்த இம்முடிவு பல நாடுகளில் காசநோய்ச் சிகிச்சையின் போக்கையே மாற்றியது. நோயைத் தீர்த்தது மருந்து, கட்டில் அன்று. மாரடைப்பு வந்தவர்களை வாரக்கணக்கில் படுக்கவைத்த வழக்கமும் அவ்வாறே மறைந்துவிட்டது.

எட்டாம் மாதப் பரிசோதனையின்போது, "இனி எப்போது நடக்கலாம்?" என்று மருத்துவரைக் கேட்டோம். "யார் உங்களை நடக்க வேண்டாம் என்றது?" என்று அவர் திருப்பிக் கேட்டார். பேச்சு இளைக்காமல் நடக்கக்கூடிய வேகத்தில் நடக்கலாம் என்றும், மார்பில் இறுக்கமோ தலைச்சுற்றலோ தோன்றினால் உடனே நிறுத்த வேண்டும் என்றும் சொன்னார். இந்த ஒரு கேள்வியை ஏழு மாதங்களுக்கு முன்பே கேட்டிருக்கலாம். கேட்கவில்லை, அது எங்கள் பிழை.

பிள்ளைகளின் அச்சத்தில் பொருள் இல்லை என்று நாங்கள் சொல்லவரவில்லை. தோட்டத்துக்குத் திரும்பிய உற்சாகத்தில் செருப்பின்றி நின்றதால், எங்களுள் நீரிழிவு உள்ளவரின் காலில் எலுமிச்சை முள் தைத்தது. வலி தெரியவில்லை. மூன்றாம் நாள் வீக்கம் கண்டபின்தான் பார்த்தோம். புண் ஆற இரண்டு மாதங்கள் ஆயின. மழைக்கால ஈர மண்ணில் வாழும் நுண்ணுயிரியால் வரும் மெலியாய்டோசிஸ் என்னும் கடுந்தொற்றும் நீரிழிவு உள்ளோரையே மிகுதியாகத் தாக்குகிறது என்று அப்போது அறிந்தோம். இப்போது மூடிய காலணியும் கையுறையும் இன்றி மண்ணைத் தொடுவதில்லை. கத்தரியும் மிளகாயும் இடுப்புயரத் திண்ணையில் தொட்டிகளுக்கு மாறிவிட்டன. குனிய வேண்டியதில்லை, குடம் தூக்கவும் வேண்டியதில்லை.

சிதம்பரத்திலும் இவ்வாறே. நடராசர் கோயிலின் வெளிப் பிரகாரக் கல்தளம் நண்பகலில் அடுப்பாகக் காயும். பாத உணர்வு குன்றியவர் கொப்புளம் எழுந்த பின்னரே சூட்டை அறிவார். ஆகவே காலையில் சென்று வெயில் ஏறுமுன் வெளியேறிவிடுகிறோம், அல்லது விளக்கேற்றிய பின் செல்கிறோம். 1981-இல் தொடங்கிய நாட்டியாஞ்சலி மாலையில் நடப்பது எங்களைப் போன்றோருக்கு வசதி. பிச்சாவரத்துக்குப் படகில் செல்வோர் தில்லை மரத்தின் கிளையை ஒடிக்காதிருப்பது நன்று. சிதம்பரத்துக்குப் பெயர் தந்த அம்மரத்தின் பால் கண்ணைக் கெடுக்கும்.

கூத்துதான் கடினம். இரவு பத்து மணிக்குமேல் தொடங்கி விடியும்வரை நடப்பது அது. உறக்கம் கெட்டால் வலிப்பு வரக்கூடியவர்கள் முழு இரவும் விழித்திருத்தல் ஆகாது. இன்சுலின் போடுவோர் உணவு வேளையை மாற்றுவதும் ஆகாது. இடுப்பு மூட்டு மாற்றியவர்கள் தரையில் சம்மணமிடலாமா என்று முதலில் தங்கள் மருத்துவரைக் கேட்க வேண்டும். சென்ற சித்திரையில் நாங்கள் பிற்பகலில் உறங்கி, இரவு உணவும் மாத்திரையும் முடித்து, மடக்கு நாற்காலி இரண்டுடன் சென்றோம். முகவீணை எழுந்தது. கல்யாண முருங்கைக் கட்டையில் செய்த முடியும் புஜக்கட்டையும் விளக்கொளியில் மின்னின. திரை விலகும் முன்பே கட்டியக்காரன் எங்கள் நாற்காலிகளைக் கேலி செய்து ஊரைச் சிரிக்கவைத்தான். இரண்டு மணி நேரம் இருந்துவிட்டு, அருச்சுனன் தபசு மரம் ஏறுவதைக் காணாமலேயே திரும்பினோம். அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது. ஆனால் மறுநாள் காலை நான்கு பக்கங்கள் எழுதப்பட்டன. அவற்றில் மூன்றை வழக்கம்போல் திருத்துநர் அடித்துவிட்டார்.

அடுத்த பரிசோதனைக்குச் செல்லும்போது உங்கள் வீட்டுப் பெரியவர் எதை விட்டுவிட்டு வாடுகிறார் என்பதை ஒரு தாளில் எழுதி எடுத்துச் செல்லுங்கள். கடற்கரையா, பூச்செடியா, கோயிலா என்று பெயரிட்டே கேளுங்கள். எப்போது, எவ்வளவு நேரம், எந்த எச்சரிக்கையோடு என்பதற்கு மருத்துவரிடம் விடை உண்டு. எங்கள் மகன் இவ்வாண்டு சித்திரையில் கூத்துக்கு உடன் வருவதாகச் சொல்லியிருக்கிறான். நாற்காலி தூக்க ஆள் ஆயிற்று.