விட்டோர் பெல்ஃபோர்ட்: கணக்கு டேலி ஆகிறதா?

இந்த முறை கொஞ்சம் அடிதடி.

யுஎஃப்சி என்று சொன்னாலே, "ஓ, டபிள்யூடபிள்யூஈ மாதிரியா?" என்று கேட்பவர்கள்தான் நம்மில் அதிகம். இல்லை சாமி. அங்கே யார் ஜெயிக்கணும் என்று முன்பே எழுதி வைத்துவிடுவார்கள். இங்கே அடியும் நிஜம், ரத்தமும் நிஜம். குத்துச்சண்டை, மல்யுத்தம், ஜியு-ஜிட்சு, உதை எல்லாம் கலந்த இந்த விளையாட்டுக்கு எம்எம்ஏ என்று பெயர். அதை நடத்தும் நிறுவனங்களில் பெரியது அமெரிக்காவின் யுஎஃப்சி.

அந்த யுஎஃப்சி 2025 ஜூனில், லாஸ் வேகஸில், பிரேசில் வீரர் விட்டோர் பெல்ஃபோர்ட்டைத் தன் ஹால் ஆஃப் ஃபேமில் சேர்த்தது. அதிலும் "முன்னோடிகள்" பிரிவில். பழைய ரசிகர்களில் ஒரு பாதி "இதை எப்பவோ செய்திருக்கணும்" என்கிறது. இன்னொரு பாதி "ஊக்கமருந்தில் மாட்டியவருக்கு மாலையா?" என்று பொங்குகிறது. இரண்டு பக்கமும் பாதிக் கணக்கைத்தான் பார்க்கிறது என்பது என் கட்சி. முழுசாகப் பார்ப்போம்.

முதலில் வரவுப் பக்கம்.

பெல்ஃபோர்ட் ரியோ டி ஜனைரோக்காரர். 1977 இல் பிறந்தவர். 1997 பிப்ரவரியில், அலபாமாவின் டோத்தன் என்ற சிறிய ஊரில் நடந்த யுஎஃப்சி 12 இல் இறங்கும்போது அவருக்கு வயது 19. நம்மில் பலர் முதல் வருட அரியரோடு மல்லுக்கட்டும் வயது! அன்று ஒரே இரவில் இரண்டு பேரை அடித்து வீழ்த்தி ஹெவிவெயிட் போட்டித் தொடரை ஜெயித்தார். இரண்டு சண்டைக்கும் சேர்த்து அவர் எடுத்துக்கொண்டது சுமார் இரண்டு நிமிடம். அதே வருடம் மே மாதம், டேங்க் அபட் என்ற மலை போன்ற ஆளை 52 வினாடியில் முடித்தார்.

1998 அக்டோபரில் சாவோ பாவ்லோவில் யுஎஃப்சி முதன்முறையாகப் பிரேசிலுக்குப் போனது. அங்கே பெல்ஃபோர்ட்டுக்கு எதிரே நின்றவர், பின்னாளில் ஜப்பானின் பிரைடு போட்டிகளில் சாம்பியனாகக் கோலோச்சிய வாண்டர்லே சில்வா. பெல்ஃபோர்ட் விடாமல் நேர் குத்துகளாகக் குத்திக்கொண்டே அவரை வளையத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை தள்ளிக்கொண்டு போனார். 44 வினாடியில் கதை முடிந்தது. அந்த வீடியோவை ஒருமுறை பார்த்துவிட்டால் மறக்காது. அந்தக் காலத்தில் தரைப்பிடியில் கில்லாடிகள் இருந்தார்கள், முரட்டு அடிக்காரர்களும் இருந்தார்கள். இவ்வளவு வேகமான கைகளைப் பலர் முதன்முதலில் பார்த்தது இவரிடம்தான்.

2004 ஜனவரி 31. ராண்டி கூட்யூருடன் லைட் ஹெவிவெயிட் பட்டத்துக்கான சண்டை. அந்த மாதத் தொடக்கத்தில்தான் அவருடைய சகோதரி காணாமல் போயிருந்தார். அந்த நிலையிலும் வந்து நின்றார். 49 வினாடியில், கையுறை உரசி கூட்யூரின் கண் இமை கிழிய, சண்டை நிறுத்தப்பட்டது. பட்டம் பெல்ஃபோர்ட்டுக்கு. அதிர்ஷ்டம் என்று சொல்லலாம்தான். அதே ஆகஸ்டில் கூட்யூர் அவரை அடித்துப் பட்டத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டதும் உண்மை. இருந்தாலும் பட்டம் பட்டம்தான்.

இனி பற்றுப் பக்கம். இங்கேதான் தலைவலி.

2006 அக்டோபரில் லாஸ் வேகஸில் நடந்த பிரைடு போட்டியில் டான் ஹெண்டர்சனிடம் தோற்றார். பரிசோதனையிலும் மாட்டினார். ஊக்கமருந்து. நெவாடா மாநில ஆணையம் ஒன்பது மாதத் தடையும் 10,000 டாலர் அபராதமும் விதித்தது. தண்டனையை அனுபவித்தார், திரும்பி வந்தார். இத்தோடு முடிந்திருந்தால் இந்தக் கட்டுரையே தேவைப்பட்டிருக்காது.

அடுத்து வந்தது 2013. அவருக்கு 36 வயதாகும் வருடம். பெரும்பாலான வீரர்கள் இறங்குமுகத்தில் இருக்கும் வயதில் இவர் ராக்கெட் மாதிரி மேலே போனார். ஜனவரியில் மைக்கேல் பிஸ்பிங், மே மாதம் லூக் ராக்ஹோல்ட், நவம்பரில் அதே ஹெண்டர்சன். மூன்று பேரையும் தலைக்கு உதைவிட்டு வீழ்த்தினார். ராக்ஹோல்டை வீழ்த்தியது சுழன்று அடித்த குதிகால் உதை. கைவேகத்துக்குப் பெயர் போனவர் திடீரென்று உதை மன்னனாகிவிட்டார்.

அந்த வருடம் அவர் டிஆர்டி என்ற டெஸ்டோஸ்டிரோன் சிகிச்சையில் இருந்தார். உடலில் அந்த ஹார்மோன் குறைவாகச் சுரக்கிறது என்று டாக்டர் சான்று கொடுத்தால், வெளியிலிருந்து ஏற்றிக்கொள்ள அப்போது அனுமதி கிடைக்கும். விதிப்படி குற்றமில்லை. ஹெண்டர்சனும் அதே சிகிச்சையில் இருந்தவர்தான். ஆனால் ஒரு சின்னக் கேள்வி. ஊக்கமருந்து எடுப்பவர்களுக்கு இயற்கையான சுரப்பு குறைந்துபோக வாய்ப்பு உண்டு என்பது மருத்துவம் அறிந்த விஷயம். ஏற்கனவே ஒருமுறை மாட்டியவருக்கு அதே வகைப் பொருளை ஏற்றிக்கொள்ள அனுமதி கொடுப்பது, வங்கிக்கடனைக் கட்டாமல் விட்டவருக்கு, "பாவம், பணக்கஷ்டம்" என்று இன்னொரு கடன் கொடுப்பது போல இல்லையா? இன்னொன்று, மேலே சொன்ன மூன்று சண்டைகளும் பிரேசிலில்தான் நடந்தன. கெடுபிடிக்குப் பெயர் போன நெவாடாவில் ஒன்றுகூட இல்லை.

2014 பிப்ரவரி 7 அன்று லாஸ் வேகஸுக்கு வந்திருந்தவரை நெவாடா ஆணையம் திடீர்ப் பரிசோதனை செய்தது. அந்த மாதக் கடைசியில் டிஆர்டி அனுமதியையே அது ஒழித்துவிட்டது. பட்டத்துக்காக கிறிஸ் வைட்மனுடன் மோதவிருந்த பெல்ஃபோர்ட் விலகிக்கொண்டார். பரிசோதனையில் அளவு கூடுதலாக இருந்தது என்பது ஜூனில்தான் ஊருக்குத் தெரிந்தது. கடைசியில் 2015 மே மாதம், சிகிச்சை இல்லாமல் வைட்மனோடு மோதினார். முதல் சுற்றிலேயே தோல்வி. அதையும் சேர்த்து 2018 இல் லியோட்டோ மச்சிடாவிடம் தோற்றது வரை யுஎஃப்சியில் 7 சண்டைகள். 2 வெற்றி, 4 தோல்வி, முடிவு ரத்தானது 1.

வயதும் ஆகிவிட்டது, ஒப்புக்கொள்கிறேன். எல்லாப் பழியையும் ஹார்மோன் மேல் போட முடியாது. ஆனால் நமக்குப் பதினொன்றாம் வகுப்பிலேயே சொல்லிக்கொடுத்த "வாரா ஐயக்கடன்" ஞாபகம் இருக்கிறதா? வருமா வராதா என்று தெரியாத பணத்தைச் சொத்தாகக் காட்டிப் பெருமைப்படக் கூடாது, தனியாக ஒதுக்கி வைக்க வேண்டும். பெல்ஃபோர்ட்டின் 2013 எனக்கு அப்படித்தான் தெரிகிறது. பொய் என்று அடித்துச் சொல்ல ஆதாரம் இல்லை. முழு மதிப்பில் எழுதவும் மனசு வரவில்லை.

"விதி அனுமதித்தது, முடிந்தது, இதில் யாருக்கு நஷ்டம்?" என்று கேட்பவர்களுக்கு ஒரு பெயர் சொல்கிறேன். மைக்கேல் பிஸ்பிங்.

ஜனவரி 2013 சண்டைக்குப் பிறகு அந்த இங்கிலாந்துக்காரரின் வலது கண்ணில் விழித்திரை பிரிந்தது. அறுவை சிகிச்சை மேல் அறுவை சிகிச்சை. பார்வை திரும்பவில்லை. அந்த ஒற்றைக் கண்ணோடு தொடர்ந்து சண்டை போட்டு, 2016 ஜூனில் ராக்ஹோல்டை வீழ்த்தி மிடில்வெயிட் சாம்பியனானார். 2019 இல் ஹால் ஆஃப் ஃபேமுக்கும் போனார். சாதாரண உடம்போடு வந்த உதையிலும் அந்தக் கண் போயிருக்கலாம். சண்டை என்றால் அடி விழத்தான் செய்யும். ஆனால் ஓட்டப்பந்தயத்தில் மருந்து எடுத்தவன் பக்கத்தில் ஓடுபவனின் பதக்கத்தைத்தான் பறிக்கிறான். இங்கே மருந்தின் பலம் எதிராளியின் மண்டையில் இறங்குகிறது. அதனால்தான் இந்த விளையாட்டில் ஊக்கமருந்தை "எல்லாரும் செய்வதுதானே" என்று தள்ளிவிட முடியவில்லை.

சரி, "அவர் மட்டுமா?" என்ற அடுத்த கேள்வியும் நியாயமானது. 2003 இல் ஹால் ஆஃப் ஃபேமுக்குப் போன முதல் இருவரில் ஒருவரான ராய்ஸ் கிரேசியும் 2007 இல் கலிஃபோர்னியாவில் பரிசோதனையில் மாட்டினார். 2015 இல் மாட்டிய ஆண்டர்சன் சில்வாவை 2023 இல் சேர்த்தார்கள். சில்வாவுக்கு ஒரு நியாயம், பெல்ஃபோர்ட்டுக்கு ஒரு நியாயமா? கூடாதுதான். அதனால் என் அளவுகோல் ஒன்றே ஒன்று. சந்தேகத்துக்குரிய காலத்தை முழுசாக அடித்துவிட்டு, மிச்சம் தேறுகிறதா என்று பார்க்க வேண்டும். சில்வாவுக்கு 2015 ஐ அடித்தாலும் மலை போல மிச்சம் இருக்கிறது.

பெல்ஃபோர்ட்டுக்கு? 2006 ஐயும் 2013 ஐயும் அடித்துவிடுங்கள். 1997, 1998, 2004 மூன்றும் நிற்கின்றன. யுஎஃப்சி விதிப்படி முன்னோடிகள் பிரிவு, 2000 நவம்பர் 17 க்கு முன் தொழில்முறை வீரர் ஆனவர்களுக்கானது. இவர் 1996 லேயே ஆகிவிட்டார். ஆக, முன்னோடி என்ற ஒரு தகுதியில் மட்டும் அவர் தேறுகிறார். பார்டரில்தான், ஆனாலும் பாஸ். நவீன காலப் பிரிவுக்கு இதே ஆளைக் கொண்டுவந்திருந்தால் என் ஓட்டு கிடையாது.

ஆனால் என் கோபமெல்லாம் பெல்ஃபோர்ட் மேல் இல்லை. மாலை போடுகிற கை மேல்தான்.

அமெரிக்க பேஸ்பாலைப் பாருங்கள். 762 ஹோம் ரன் அடித்த பாரி பாண்ட்ஸ், ஊக்கமருந்து சந்தேகத்தால் பத்திரிகையாளர் ஓட்டெடுப்பில் பத்து வருடமும் தேறவில்லை. 75 சதவீதம் வேண்டும், 2022 இல் கடைசி வாய்ப்பில் கிடைத்தது 66. அது சரியா தவறா என்பது வேறு சண்டை. ஆனால் ஓட்டுப் போட்டவர்கள் பாண்ட்ஸை வைத்து டிக்கெட் விற்றவர்கள் இல்லை. யுஎஃப்சியில் வீரரோடு ஒப்பந்தம் போடுவது, சண்டையை விற்பது, பிறகு யார் மகத்தானவர் என்று தேர்ந்தெடுப்பது எல்லாம் ஒரே நிறுவனம். கம்பெனியே தன் கணக்கைத் தணிக்கை செய்து தனக்கே நற்சான்றிதழ் எழுதிக்கொண்டால் நாம் ஒத்துக்கொள்வோமா?

அந்த நிறுவனமே இந்தக் கதையில் ஒரு பாத்திரம் என்பதுதான் கொடுமை. 2012 செப்டம்பரில் ஜான் ஜோன்ஸுடனான சண்டைக்குச் சில வாரங்கள் முன்பு பெல்ஃபோர்ட்டிடம் எடுத்த பரிசோதனையில் டெஸ்டோஸ்டிரோன் அளவு கூடுதலாக இருந்தது, அந்த முடிவை யுஎஃப்சி தரப்பே தவறுதலாக வேறு பலருக்கு மின்னஞ்சலில் அனுப்பிவிட்டது, இருந்தும் சண்டை நடந்தது என்று 2015 இல் டெட்ஸ்பின் தளம் செய்தி வெளியிட்டது. இதையெல்லாம் விசாரித்து எழுத வேண்டிய வரலாற்றுப் புத்தகம், அந்தச் சண்டைக்கு டிக்கெட் விற்றவர்களின் கையிலேயே இருக்கிறது.

அதே 2025 இல் முன்னோடிகள் பிரிவில் சேர்க்கப்பட்ட இன்னொருவர் மார்க் கெர். வலி மாத்திரைக்கு அடிமையாகிச் சீரழிந்ததைக் கேமரா முன்னாலேயே காட்டியவர். 2002 இல் அது ஆவணப்படமாகவே வந்தது. 2025 இல் நம்ம "ராக்" டுவைன் ஜான்சன் நடித்துத் திரைப்படமாகவும் வந்தது. கெர் புனிதர் இல்லை. ஆனால் அவர் கணக்கு திறந்து கிடக்கிறது. பார்த்துவிட்டுத்தான் கைதட்டுகிறோம், மனசாரக் கைதட்ட முடிகிறது.

பெல்ஃபோர்ட்டுக்கும் அதைத்தான் கேட்கிறேன். பேலன்ஸ் ஷீட்டுக்குக் கீழே குறிப்புகள் போடுவோமே, அது போல. "1997 இல் 19 வயதில் ஜெயித்தார், 2004 இல் சாம்பியன் ஆனார்" என்று மேலே பெரிதாக எழுதட்டும். "2006 இல் தடை, 2013 இல் டிஆர்டி, 2014 இல் அளவு மீறல்" என்று கீழே சிறிதாக எழுதட்டும். அந்த இரண்டாவது வரியைப் படித்த பிறகும் அந்த 44 வினாடிக்கு நான் எழுந்து நின்று கைதட்டுவேன்.

குறிப்பு இல்லாத பேலன்ஸ் ஷீட்டில் மட்டும் என்னைக் கையெழுத்துப் போடச் சொல்லாதீர்கள் :)