லினக்ஸ் எங்களைக் கைவிட்டதா?

பாடசாலைக் கணனி அறையின் மூலையில் அடுக்கியிருக்கும் 14 பழைய கணனிகளையும் இரும்புக்காரருக்குக் கொடுத்துவிடலாம் என்று பழைய மாணவர் வட்ஸ்அப் குழுமத்தில் ஒரு சகோதரர் போட்டிருந்தார். "சும்மா கிடைக்கிற லினக்ஸே இதுகளைக் கைவிட்டுட்டு, இனி வெச்சு என்ன செய்ற?" என்றும் கேட்டிருந்தார். நியாயமான கேள்விதான். இரண்டு வரியில் பதில் சொல்ல ஏலாது என்பதால், கணனிப் பாடம் எடுக்கும் நாங்கள் இங்கே கொஞ்சம் நீட்டி எழுதுகிறோம்.

அவர் சொன்ன செய்தி உண்மை. எங்கள் அறையில் ஓடுவது டெபியன் லினக்ஸ். 2025 ஆகஸ்ட் 9ஆம் திகதி வந்த அதன் 13ஆம் பதிப்பை 32 பிட் கணனியில் புதிதாக இன்ஸ்டோல் பண்ண முடியாது. ஆனால் அதே பதிப்பில் இன்னொன்றும் நடந்தது. ரிஸ்க்-ஃபைவ் என்ற புதுவகைப் புரோசசர் முதல் தடவையாக அதிகாரபூர்வமாகச் சேர்க்கப்பட்டது. (பாடப்புத்தகத்தில் 'முறைவழியாக்கி' என்று இருக்கும். பிள்ளைகளே அப்படிச் சொல்வதில்லை, நாங்களும் விட்டுவிட்டோம்.) ஒன்று உள்ளே வந்தது, ஒன்று வெளியே போனது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் விஷயம் விளங்கும்.

ஒவ்வொரு புரோசசர் வகைக்கும் தனிப் பாஷை. ஒன்றுக்கு எழுதியதை மற்றதில் அப்படியே ஓட்ட ஏலாது, யாராவது கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். மூத்தம்மாமார் அறபுத்தமிழ்க் கிதாபு ஓதியதைப் பார்த்தவர்கள் ஊரில் இன்னும் இருக்கிறீர்கள். சொல் தமிழ், எழுத்து அறபு. ஆனால் அறபில் 'ள', 'ண' போன்றவற்றுக்கு எழுத்து இல்லை. இருக்கிற எழுத்துக்குப் புள்ளியும் குறியும் கூட்டிப் புதிது உண்டாக்கினார்கள். கிட்டத்தட்ட அந்த மாதிரி வேலைதான் இது.

லினக்ஸே அப்படித்தான் வளர்ந்தது. 1991இல் ஹெல்சிங்கியில் மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் தன்னுடைய 386 கணனிக்காக எழுதியது அது. வேறு இயந்திரத்துக்குக் கொண்டுபோகக் கூடியது அல்ல என்று தொடக்கத்தில் அவரே சொல்லியிருந்தார். 1995இல் வந்த 1.2 பதிப்பு அல்பா என்ற முற்றிலும் வேறான புரோசசரிலும் ஓடியது. அந்த வேலையில் முக்கிய பங்கு அவருடையதே. பிறகு 2013இல், பிறந்த வீடான 386 சிப்பையே லினக்ஸ் விட்டுவிட்டது.

ரிஸ்க்-ஃபைவ் கதைக்கு வருவோம். 2010இல் கலிபோர்னியாவின் பேர்க்லி பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. அதன் கட்டளைத் தொகுதியை யாரும் கட்டணமில்லாமல் பயன்படுத்திச் சிப் செய்யலாம். லினக்ஸ் கேர்னலில் அதற்கான ஆரம்ப ஆதரவு 2018 ஜனவரியில், 4.15 பதிப்பில் வந்தது. ஆனால் கேர்னல் வெறும் அத்திவாரம். டெபியனில் கிட்டத்தட்ட 70 ஆயிரம் பொதிகள் இருக்கின்றன. புதிய இயந்திரத்தில் எதையும் உருவாக்கக் கம்பைலர் வேண்டும். அந்தக் கம்பைலரை உருவாக்கவும் ஒரு கம்பைலர் வேண்டும். ஆகவே முதல் தொகுதியைச் சாதாரணக் கணனியில் இருந்தே புதிய பாஷையில் ஆக்குவார்கள். சிப் கைக்கு வராவிட்டால் கெமு என்ற மென்பொருளை அந்தச் சிப் மாதிரி நடிக்க வைத்து அதில் ஓட்டிப் பார்ப்பார்கள்.

அதற்குப் பிறகுதான் உண்மையான தலையிடி. சி மொழியில் 'சார்' என்று ஒரு பைட்டை வைத்து அதில் -1 போட்டால், இன்டெலில் அது -1 ஆகவே இருக்கும். ரிஸ்க்-ஃபைவில் அது 255 ஆகிவிடும். -1 வந்தால் நிறுத்து என்று எழுதிய புரோகிராம் நிற்கவே நிற்காது. பல வருடம் ஒழுங்காக ஓடியதில் அன்றுதான் பிழை தெரியும். இப்படி ஒவ்வொன்றாகத் தேடித் திருத்தி, 2023 ஜூலையில் டெபியன் அதை அதிகாரபூர்வ வகையாக ஏற்றது. மக்கள் கைக்குப் பதிப்பாக வந்தது 2025 ஆகஸ்ட். கேர்னலில் சேர்ந்ததில் இருந்து ஏழரை வருடம்! செய்தவர்களில் கம்பனிச் சம்பளத்தில் செய்தவர்களும் உண்டு, இரவில் நித்திரை விழித்துச் சும்மா செய்தவர்களும் உண்டு.

32 பிட் ஏன் போனது? அந்த இயந்திரத்தை வைத்துச் சோதித்துப் பார்க்கிற ஆட்கள் குறைந்துவிட்டார்கள். 32 பிட்டில் ஒரு புரோகிராமுக்கு 4 ஜிபிக்கு மேல் முகவரி இல்லை, இன்றைய பிரவுசரை அதற்குள் வைத்துக் கம்பைல் பண்ணுவதே பெரும்பாடு. கம்பனி ஒன்று காசுக்காக எடுத்த முடிவு அல்ல, தூக்குகிறதற்குத் தோள் இல்லை.

ஆகவே 'கைவிட்டது' என்ற சொல்லை நாங்கள் ஏற்கவில்லை. இத்தனை வருடம் எங்கள் அறையில் இதை இலவசமாக ஓட்டினோம். பிழை வந்தபோது ஆசிரியர் அறையில் இருந்து குறை சொன்னோமே தவிர, ஒரு தடவையாவது அதை எழுதி அனுப்பினோமா? இல்லை. இந்த விஷயத்தில் முதல் குற்றவாளி நாங்கள்தான். இந்த நாட்டவருக்கு இயலாத வேலையும் இல்லை. 2004 சுனாமிக்குப் பிறகு இங்கேயே எழுதப்பட்ட சஹானா என்ற சுதந்திர மென்பொருள் பிறகு வேறு நாடுகளின் அனர்த்தங்களுக்கும் உதவியது.

இனி அந்த 14 கணனிகள். ஏ.எல். பிள்ளைகள் இரண்டு பேரை வைத்து ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தோம். 9 கணனிகளின் புரோசசர் 64 பிட்! றாம் குறைவு என்று முன்பு பொருத்திக் கொடுத்தவர் 32 பிட் பதிப்பைப் போட்டிருக்கிறார், நாங்களும் அதை நம்பிக்கொண்டே இருந்துவிட்டோம். றாம் கூட்டினால் அந்த ஒன்பதிலும் 13ஆம் பதிப்பு ஓடும். உண்மையில் 32 பிட் ஆனவை 5தான். அவற்றை 12ஆம் பதிப்பில் இன்னும் கொஞ்சக் காலம் ஓட்டலாம். பிறகு நெட்பிஎஸ்டி இருக்கிறது, அது 32 பிட்டை இன்னும் விடவில்லை.

புதிதாக 14 கணனிக்குக் காசு சேர்க்க வேண்டாம். ஒரேயொரு சின்ன ரிஸ்க்-ஃபைவ் போர்ட் வாங்கித் தாருங்கள். அந்த இரண்டு பிள்ளைகளும் அதில் தமிழ் எழுத்துருவில் இருந்து பிரிண்டர் வரை சோதித்து, வருகிற பிழைகளை டெபியனுக்கு எழுதி அனுப்பட்டும். ஆங்கிலம் திருத்திக் கொடுக்க ஆங்கில ஆசிரியை சம்மதித்துவிட்டார்.

சனிக்கிழமை காலை 9 மணிக்கு அறை திறந்திருக்கும். வீட்டில் பழைய டிடிஆர்2 றாம் கிடந்தால் எடுத்து வாருங்கள். இரும்புக்காரரை அதுவரைக்கும் வரச் சொல்ல வேண்டாம்.