தோற்றவர் பட்டியலும் வேண்டும்

ஒரு பல்கலைக்கழகம் தேர்வில் வென்றவர்களின் பெயர்களை மட்டும் பலகையில் ஒட்டுகிறது. தோற்றவர்களைப் பற்றி வாய் திறப்பதில்லை. பலகையைப் பார்ப்பவர் என்ன எண்ணுவார்? "எவ்வளவு சிறந்த கல்லூரி!" என்று வியப்பார். நூற்றுக்கு எத்தனை பேர் தேறினர் என்று கேட்டால் யாராலும் விடை சொல்ல முடியாது. இத்தகைய தேர்வை நாம் ஒப்புவோமா? மாட்டோம். ஆனால் தூய இன நாய்களின் இடுப்பு மூட்டுக்குச் சான்றிதழ் வழங்கும் உலக நாடுகள் சிலவற்றில் இதுதான் நடக்கிறது. கால்நடை மருத்துவம் பயில்கின்ற மாணவன் என்ற முறையில் அதைப் பற்றி என் கருத்தைச் சொல்ல விரும்புகிறேன்.

நாயின் இடுப்புக்குத் தேர்வா என்று நண்பர்கள் நகைக்க வேண்டா. தொடை எலும்பின் தலை ஒரு பந்து. இடுப்பெலும்பின் குழி ஒரு கிண்ணம். பந்து கிண்ணத்தில் இறுகப் பொருந்தியிருந்தால் நாய் துள்ளி ஓடும். பொருத்தம் தளர்ந்தால் நாளடைவில் கிண்ணம் தட்டையாகும், பந்து தேயும், மூட்டில் வாதம் குடியேறும். படியேறவும் எழுந்து நிற்கவும் அந்த நாய் படும் பாட்டைக் கண்டவர் மறக்க மாட்டார். ஹிப் டிஸ்பிளேசியா எனப்படும் இந்நோயை அமெரிக்க மருத்துவர் ஷ்னெல் 1930-களில் எடுத்துக் காட்டினார். ஜெர்மன் ஷெப்பர்ட், லாப்ரடார், ராட்வைலர் போன்ற பேருடல் இனங்களில் இது மிகுதி. பிறக்கும்போது குட்டியின் மூட்டு நன்றாகவே இருக்கும், வளரும்போதுதான் கெடும். ஆகவே குட்டியைப் பார்த்து வாங்குகிறவருக்குக் குறை தெரியாது. அதன் தாய் தந்தையரின் இடுப்பு எப்படி என்று அறிந்துகொள்வதே அவருக்குள்ள வழி. அதற்காகவே சான்றிதழ்கள் பிறந்தன.

அமெரிக்காவில் 1966-இல் தோன்றிய ஓ.எஃப்.ஏ. என்னும் நிறுவனம் நம் பழைய தேர்வுகளைப் போல வகுப்பு வழங்குகிறது. மிகச் சிறப்பு, நன்று, போதும் என மூன்றும் தேர்ச்சி. நடுவே ஐயத்துக்குரிய எல்லைநிலை ஒன்று. அதன் கீழே இலேசு, நடுத்தரம், கடுமை என மூன்றும் நோய்நிலை. எக்ஸ்ரே படத்தை மூன்று வல்லுநர்கள் தனித்தனியே பார்த்து முடிவு சொல்கின்றனர். நாய்க்கு 24 மாதம் நிறைந்திருந்தால்தான் நிலையான சான்று கிடைக்கும்.

பெல்ஜியத்தைத் தலைமையிடமாகக் கொண்ட எஃப்.சி.ஐ. முறையைப் பின்பற்றும் நாடுகள் ஏ முதல் ஈ வரை ஐந்து எழுத்துகளைத் தருகின்றன. பந்து கிண்ணத்துள் எவ்வளவு அமர்ந்திருக்கிறது என்பதை நோர்பெர்க் கோணம் என்ற அளவால் பார்க்கின்றனர். ஏ பெற அக்கோணம் ஏறத்தாழ 105 பாகையேனும் இருக்க வேண்டும். பெரும்பாலான இனங்களுக்கு 12 மாதம் போதும். பேருடல் இனங்கள் சிலவற்றுக்கு 18 மாதம்.

பிரிட்டன் மதிப்பெண் போடுகிறது. ஆனால் அது குற்றத்துக்குப் போடும் மதிப்பெண்! ஒவ்வொரு பக்க மூட்டிலும் ஒன்பது கூறுகளைப் பார்த்து 0 முதல் 53 வரை இடுகின்றனர். இரு பக்கமும் சேர்த்து 106. சுழி வாங்கிய நாயே முதல் மாணவன். இனத்தின் இடைநிலை மதிப்பெண்ணையும் வெளியிடுவதால், தன் நாய் தன் இனத்தாரிடையே எங்கு நிற்கிறது என்று வளர்ப்பவர் அறியலாம்.

இம்மூன்று முறைகளிலும் நாயை மல்லாத்திப் பின்னங்கால்களை நேரே இழுத்துப் படம் எடுக்கின்றனர். அப்படி இழுக்கும்போது மூட்டைச் சூழ்ந்த தசைநார்ப் பை முறுக்கேறித் தளர்ச்சியை மறைத்துவிடுகிறது என்பது பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்துக் கெய்ல் ஸ்மித் எழுப்பிய தடை. அவர் வகுத்த பென்ஹிப் முறையில் நாயை ஆழ்ந்து மயங்கச் செய்து, பந்து கிண்ணத்தை விட்டு எவ்வளவு விலகுகிறது என்று அளக்கின்றனர். அளவு 0.30-ஐத் தாண்டாவிட்டால் அச்சம் குறைவு. 16 வாரக் குட்டியிலேயே இதைச் செய்துவிடலாம்.

இவற்றுள் எது சிறந்தது என்று நண்பர்கள் கேட்கலாம். ஏ என்றால் 'நன்று' என்றும், 'நன்று' என்றால் மதிப்பெண் இத்தனை என்றும் ஒப்பிட்டுக் காட்டும் அட்டவணைகள் உண்டு. அவற்றை நான் பெரிதாக நம்பவில்லை. 12 மாதத்தில் எடுத்த படமும் 24 மாதத்தில் எடுத்த படமும் ஒன்றாகா. மயக்கம் கொடுத்து எடுத்ததும் கொடாமல் எடுத்ததும் ஒன்றாகா. என் எண்ணத்தில் கேட்கவேண்டிய கேள்வியே வேறு. தோற்ற நாயின் முடிவு எங்கே போகிறது?

அமெரிக்க ஏட்டில் நல்ல முடிவு தானே வெளியாகும். குறையுள்ள முடிவு வெளிவர உரிமையாளரின் இசைவு வேண்டும். படம் மோசம் என்று தெரிந்ததும் அதை அனுப்பாமலே இருந்துவிடவும் இடமுண்டு. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க இதைவிட நல்ல வழி எது? பென்ஹிப் இவ்வாசலை அடைத்தது. எடுத்த படம் எதுவாயினும் அனுப்பியே ஆகவேண்டும் என்பது அதன் விதி. பிரிட்டன் நல்லது கெட்டது பாராமல் வெளியிடுகிறது. ஸ்வீடன் இன்னும் ஒரு படி மேலே சென்றது. பல இனங்களில் தாய் தந்தையரின் இடுப்பு நிலை தெரியாமல் குட்டிகளைப் பதிவு செய்வதில்லை. அந்த ஏடும் எல்லோர்க்கும் திறந்திருக்கிறது.

மறைப்பதால் வரும் கேடு வாங்குகிறவரோடு முடிவதில்லை. இக்குறைக்குப் பல மரபணுக்களும் வளர்ப்பும் சேர்ந்தே காரணம். 48 லாப்ரடார் நாய்களை இரட்டை இரட்டையாகப் பிரித்து, ஒன்றுக்கு மற்றதைவிடக் கால்பங்கு குறைவாக உணவிட்டு அமெரிக்காவில் ஆராய்ந்தனர். குறைவாக உண்டவற்றில் இடுப்புக் குறையும் குறைந்தது. இடைநிலை ஆயுளும் 11.2 ஆண்டிலிருந்து 13 ஆண்டாக உயர்ந்தது. ஆகவே ஒரு நாயின் நல்ல படம் அதன் மரபைப் பற்றி முழு உண்மை சொல்லாது. உடன்பிறப்புகளும் குட்டிகளும் எப்படி என்றும் பார்க்கவேண்டும். ஜெர்மனியின் ஷெப்பர்ட் சங்கம் உறவினரின் முடிவுகளையெல்லாம் கூட்டி ஒவ்வொரு நாய்க்கும் ஓர் இனவிருத்தி மதிப்பைக் கணக்கிடுகிறது. அதில் 100 என்பது சராசரி. தோற்ற அண்ணனை ஏட்டிலிருந்து நீக்கிவிட்டால் இந்தக் கணக்குப் பொய்யாகிவிடாதா?

தோல்வியை வெளியிட்டால் வளர்ப்பவர்கள் அஞ்சிப் படமே எடுக்கமாட்டார்கள் என்று சிலர் வாதிக்கின்றனர். அவ்வச்சம் உண்மைதான். ஆனால் அதற்கு மருந்து மறைப்பதன்று. படம் இல்லையேல் பதிவு இல்லை என்பதே மருந்து. மேலும், குறையுள்ள இடுப்பு ஒரு நாய்க்கு இழிவு ஆகாது. அது நல்ல தோழனாக ஒரு வீட்டில் வாழலாம். குட்டி ஈன வேண்டியதில்லை, அவ்வளவே.

நம் நாட்டுக்கு வருவோம். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தியக் கென்னல் கிளப் தூய இன நாய்களுக்கு வம்சாவளிச் சான்று வழங்குகிறது. ஆனால் நான் பயிற்சி பெறும் மருத்துவமனைக்கு நொண்டி வரும் நாய்களுடன் வருகின்ற காகிதத்தில் பாட்டன் வாங்கிய பட்டங்கள் இருக்கும். பாட்டனின் இடுப்பு இராது. எந்த நாட்டு முறையைப் பின்பற்றுவது என்று நாம் ஆண்டுக்கணக்கில் விவாதிக்க வேண்டா. ஏதேனும் ஒன்றை எடுத்துக்கொள்வோம். கால்நடைக் கல்லூரிகள் படங்களைப் படிக்கட்டும். வென்றதும் தோற்றதும் ஒரே ஏட்டில் ஏறட்டும். அதுவரை, குட்டி வாங்க நினைக்கும் நண்பர்கள் விலையைக் கேட்கும் முன் தாய், தந்தை இரண்டின் எக்ஸ்ரே முடிவையும் கேளுங்கள். காட்டாதவரிடம் வாங்காதீர்கள். வாங்குவோர் கேட்கத் தொடங்கினால் விற்போர் படம் எடுக்கத் தொடங்குவர். தன் வலியைச் சொல்ல வாயில்லாத உயிருக்காக நாம் கேட்கக்கூடிய மிக எளிய கேள்வி அது.