கைப்பிடிக் கம்பி யாருக்காக?

மாடிப்படியில் கைப்பிடிக் கம்பி எதற்கு என்று கேட்டால், சறுக்கி விளையாட என்போம் (சிஸ்டர் பார்க்காத நேரத்தில்தான்!). ஆனால் எங்கள் வகுப்புத் தோழி ஒருத்திக்கு அதுவே வழிகாட்டி. அவள் பார்வையற்றவள் அல்லள், குறைபார்வை உடையவள். தடித்த கண்ணாடி அணிந்தும், படிகள் அவளுக்கு ஒரே சரிவாகத்தான் தோன்றுகின்றன. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் இத்தகையோரைத் தனியே குறிப்பிடுகிறது. கண்ணாடி அணிந்த பின்னும் பார்வை 6/18ஐத் தாண்டாதவர்கள் இவர்கள். மற்றவர் 18 மீட்டரில் நின்று வாசிக்கும் எழுத்தை இவர்கள் 6 மீட்டருக்கு நெருங்கினால்தான் வாசிக்க முடியும். பலருக்கு அதுவும் போதாது.

சென்ற பருவத்தில் ஒரு நாள் அவள் இறங்கி வருகையில் கம்பி முடிந்தது. தரை வந்துவிட்டது என்றெண்ணிக் காலை நீட்டினாள். இன்னும் இரண்டு படிகள் இருந்தன! முழங்கால் காயம் ஆறிவிட்டது. "பார்த்து வரக் கூடாதா?" என்று நாங்களே கேட்டோமே, அதுதான் ஆறவில்லை. தவறு அவள் கண்ணிலா, கம்பியிலா?

பிரிட்டனின் கட்டட வழிகாட்டி, படிவரிசைக்கு மேலும் கீழும் 300 மில்லிமீட்டராவது கம்பி நீண்டிருக்க வேண்டும் என்கிறது. படி முடிந்ததைக் காலுக்கு முன்பே கை அறிந்துகொள்ளும். முனை உடையில் மாட்டாதபடி முடிய வேண்டும் என்றும் அது சொல்கிறது. துப்பட்டா அணியும் நமக்கு இதன் அருமை தெரியாதா? ஜப்பானிய ரயில் நிலையங்களில் கம்பியின் மேலேயே பிரெய்ல் எழுத்துக்கள் பதித்திருக்கிறார்கள். விரல் தடவினால் எந்த நடைமேடை என்று தெரிந்துவிடும்.

அவ்வளவு தூரம் போக வேண்டாம். நம் படிக்கட்டில் சுவரும் வெளிர்மஞ்சள், கம்பியும் வெளிர்மஞ்சள். வெள்ளைத் தாளில் வெள்ளைச் சுண்ணக்கட்டியால் எழுதினால் யார் வாசிப்பார்? பளபளக்கும் எஃகுக் கம்பி அழகுதான். ஆனால் வெயில் பட்டால் கண் கூசும், பிடித்தால் கை சுடும். நிறம் வேறானால் மட்டும் போதாது. ஒன்று வெளிறியும் மற்றொன்று அடர்ந்தும் இருக்க வேண்டும்.

ஒருத்திக்காகவா இத்தனையும் என்று சிலர் கேட்கின்றனர். ஒருத்திக்காக என்றாலும் செய்யத்தான் வேண்டும். அன்றியும், பெற்றோர் தினத்தன்று கண்புரையோடு வரும் நம் பாட்டிமார் சுவரைத் தடவித் தடவி ஏறுவதை நாம் கண்டதில்லையா?

எந்த நிறம் நன்றாகத் தெரிகிறது என்று அவளிடமே கேட்டோம். பல வண்ணத் தாள்களைச் சுவரில் ஒட்டிக் காட்டியபோது கருநீலத்தைத் தொட்டாள். ஆண்டு விழாவுக்கு முன் சுவருக்கு எப்படியும் வண்ணம் பூசுவார்கள். அத்துடன் ஒரு டப்பா கருநீலமும், இரண்டு படிகளுக்கு வேண்டிய குழாயும் வாங்கித் தருமாறு தலைமையாசிரியை அவர்களைக் கேட்டுக்கொள்கிறோம். பூசும் வேலையை நாங்களே செய்கிறோம்.